மருமகளின் மூளைக்கு வயசு எழுபது

வீட்டுச் சாவி ஃபிரிட்ஜுக்குள் கிடந்தது. தக்காளிகளுக்கு நடுவில், ஜில்லென்று.

"யாரு வச்சது?" என்றாள் மாமியார்.

"நான்தான் அத்தை. மறந்துட்டேன்." மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா, அது வந்து..." என்று மகன் வாயைத் திறந்தான். மேஜைக்கு அடியில் மனைவி அவன் கால் கட்டைவிரலை ஒரு மிதி மிதித்தாள். மீதி வார்த்தை 'ஆ' என்று முடிந்தது.

"நீ சும்மா இருடா! நேத்து குழாயை மூடலை. முந்தாநேத்து பால் பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சு போச்சு. கேட்டா, 'நான்தான் அத்தை'. எல்லாம் இந்த செல்போன் பண்ற வேலை. கதிர்வீச்சு! அதுல மூளைக்குச் சீக்கிரம் வயசாயிடுமாம். அறுபத்தெட்டு வயசுல என் மூளையைப் பாரு, கண்ணாடி மாதிரி. உனக்கு இருபத்தேழு, உன் மூளைக்கு எழுபது!"

"யாரு அத்தை சொன்னா?"

"செல்போன்லதான் வீடியோ வந்துச்சு. மூணு தடவை பார்த்தேன்."

மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள்.

"அப்பல்லாம் போனுக்கு வயர் இருந்துச்சு. பேச்சு அதுக்குள்ள ஒழுங்கா போச்சு. இப்ப அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி நேரா மண்டைக்குள்ள நுழையுது."

அன்றைக்கே மருமகளின் போன் பறிமுதல். பழைய குக்கருக்குள் போட்டு, மூடி, வெயிட்டும் போட்டாயிற்று.

சாயங்காலம் அஞ்சு மணிக்குக் குக்கர் பாட்டுப் பாடியது. மூணு வயசுப் பேரக்குழந்தை ஓடிவந்து, "வெந்துடுச்சு! வெந்துடுச்சு!" என்று கை தட்டியது.

கூப்பிட்டது மருமகளின் அம்மா. தினமும் அந்த நேரத்துக்கு அம்மாவோடு பேசுவதுதான் மருமகளுக்கு இருந்த ஒரே ஆறுதல். அவள் குக்கரைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். துணி மடிக்கப் போய்விட்டாள்.

இதற்குள் தெரு முழுக்கச் செய்தி. "சின்னப் பொண்ணு, பாவம், மறதியாமே" என்று எதிர்வீட்டுத் தையல்காரி ஜன்னல் வழியாகவே துக்கம் விசாரித்தாள்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மருமகள் ஒரு தாளைக் கொண்டுவந்தாள்.

"அத்தை, இதுல மூளைக்குப் பயிற்சி போட்டிருக்கு. தட்டுல பத்துப் பொருள் வச்சு ஒரு நிமிஷம் பார்க்கணும். அப்புறம் துண்டு போட்டு மூடிட்டுச் சொல்லணும். போட்டிக்கு இன்னொருத்தரும் வேணுமாம். இவரைக் கேட்டா சிரிக்கிறார்."

"அவன் கிடக்கான். நான் இருக்கேன்டி!"

முதல் நாள் மருமகள் நாலு சொன்னாள். மாமியார் மூணோடு நின்றாள்.

"உனக்காக விட்டுக்கொடுத்தேன்" என்றாள் மாமியார்.

மறுநாளிலிருந்து விடவில்லை. சீப்பு, கரண்டி, பொத்தான், மெழுகுவர்த்தி என்று அதற்கு ஒரு மெட்டே போட்டுவிட்டாள். மருமகள் குளிக்கப் போனாலும் கதவைத் தட்டினாள்.

"மெழுகுவர்த்திக்குப் பக்கத்துல என்ன இருந்துச்சு?"

"குளிச்சுட்டு வரேன் அத்தை!"

"பார்த்தியா, தெரியலை! கத்தரிக்கோல்டி, கத்தரிக்கோல்!"

ஒரு மாதம் ஓடியது. மருமகள் நாலைத் தாண்டுவதாக இல்லை. மாமியாருக்குப் பொறுமை போயிற்று. மருமகளின் கையைப் பிடித்து, தன் முழங்கால் வலிக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"டாக்டர், இவ மூளையை செல்போன் தின்னுடுச்சு. நானும் தொண்டைத்தண்ணி வத்தச் சொல்லிக் கொடுக்கறேன். நாலோட நிக்கிறா!"

"நீங்க எத்தனைம்மா?"

"நேத்து ஒன்பது!" மூச்சு விடாமல் ஒன்பதையும் மெட்டோடு பாடிக் காட்டினாள். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பிரமாதம்! பயிற்சியை ஒரு நாள்கூட விடாதீங்க. நீங்க பக்கத்துல உட்கார்றதுதான் மருந்து."

"அப்போ கதிர்வீச்சு?"

"அதை இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. இவங்க தாராளமா போன் பேசலாம். நீங்க அந்தக் குக்கரை மட்டும் அடுப்புல ஏத்திடாதீங்க."

மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சரி. அஞ்சு மணிக்கு உங்க அம்மாகிட்ட பேசிக்கோ. பாவம், உன் நிலைமை தெரிஞ்சா அவங்க மனசு என்ன பாடுபடும்!"

அவள் மிடுக்காக முன்னால் நடந்தாள். மருமகள் மட்டும் ஒரு நிமிஷம் பின்தங்கி, இடுப்பில் செருகியிருந்த, தினமும் கணக்குக் குறித்து வைத்த அந்தப் பயிற்சித் தாளை டாக்டரிடம் கொடுத்தாள். முதல் நாள் மூன்று, நேற்று ஒன்பது என்று அவர் ஃபைலில் எழுதிக்கொண்டார். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இன்னும் என்னடி பண்றே? வழி மறந்துட்டியா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"ஆமா அத்தை! இதோ வந்துட்டேன்!"

டாக்டர் ஃபைலை மூடினார். மேல் அட்டையில், நோயாளியின் வயது என்ற இடத்தில் இருந்தது: அறுபத்தெட்டு.