முதல் தண்ணீர்

"நீ இரு. நான் முதல்ல குளிச்சுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, மாமனார் குனியோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பாதி எழுந்த டெக்லன் அப்படியே உட்கார்ந்தான். புத்தாண்டுக்கும் கோடை விடுமுறைக்கும் அவன் இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம், "வாத்தியார் களைச்சு வந்திருக்கார், அவர் முதல்ல போகட்டும்" என்பதுதான் குனியோவின் வழக்கம். தொட்டிக்கு வெளியே உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு தொட்டி வெந்நீரில் கழுத்து வரை அமிழ்ந்து உட்கார வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே தண்ணீர், ஒருவர் பின் ஒருவராக. முதல் தண்ணீர் தனக்குக் கிடைப்பதை மாப்பிள்ளை மரியாதை என்றே டெக்லன் எடுத்துக்கொண்டிருந்தான். அயர்லாந்துக்காரனுக்கு அந்த மிதப்பு கொஞ்சம் கூடுதலாகவே பிடித்திருந்தது.

இன்றைக்கு அது ஏன் போயிற்று என்பதும் அவனுக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது. சற்று முன்புதான், அந்த வீட்டின் ஒரே மகளான சிஹோ, தேநீர் ஊற்றிக்கொண்டே அப்பாவிடம் பேச்சை எடுத்திருந்தாள். டெக்லன் ஆங்கிலம் கற்பிக்கும் நகோயா பள்ளியில் ஒப்பந்தம் முடியப்போகிறது. தொடர்கிறானா இல்லையா என்று இந்த மே மாத விடுமுறைக்குள் சொல்லியாக வேண்டும். இங்கே மலையடிவாரத்துப் பள்ளியிலும் ஓர் இடம் காலி இருக்கிறது.

"நாங்க இங்கேயே வந்து உங்களோட இருந்துடட்டுமாப்பா?" என்று கேட்டாள்.

குனியோ "ம்" என்றார். பிறகு நடவு மெஷினின் பெல்ட் தேய்ந்துவிட்டதைப் பற்றிப் பேசினார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கக் கிளம்பிவிட்டார்.

நாடே ஊர் சுற்றக் கிளம்பும் அந்த விடுமுறை வாரத்தில், வயல் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் நடவு. டெக்லனுக்கும் விடுமுறை பெயருக்குத்தான். விடிந்ததும் நாற்றுத் தட்டுகளைச் சுமந்து வரப்பில் அடுக்கினான். மெஷின் திரும்ப முடியாத மூலைகளில் இறங்கிக் கையால் நட்டான். தவளை பிடிக்கப் போய்ச் சேற்றில் சிக்கிய மகள் மினாவை ஒரு செருப்போடு மீட்டு வந்தான். போன கோடையில் களை பிடுங்க வந்தவனை "வாத்தியாருக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்" என்று நிழலில் உட்கார வைத்த மனிதர், இப்போது "கோணலா போகுது பாரு, கண்ணை எங்க வெச்சிருக்க?" என்று பக்கத்து வயலுக்கும் சேர்த்துக் கத்தினார்.

சாயங்காலமானால் அதே கதைதான். முதலில் குனியோ, அவர் ஊறி எழுந்த தண்ணீரில் அடுத்ததாக டெக்லன். மாமியார் தொஷிகோவும் தன் பங்குக்கு, வழக்கமாக அவனுக்குத் தரும் பூப்போட்ட கோப்பையை அலமாரியிலேயே விட்டுவிட்டு, விளிம்பு உடைந்த ஒன்றில் தேநீர் கொடுத்தாள். அவனுக்கு மனசு விட்டுப்போயிற்று. உண்மையில் சிஹோவைவிட அவனுக்குத்தான் இங்கே வர ஆசை. அப்பா இல்லாமல் வளர்ந்தவன். இந்த முரட்டு மனிதரின் பக்கத்தில் நின்று வேலை செய்ய அவன் ஏங்கினான். அவருக்கு இஷ்டமில்லை, நேரே சொல்லத்தான் வாய் வரவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

நடவின் கடைசி நாள் பெல்ட் அறுந்து மெஷின் நடுவயலில் நின்றுவிட்டது. குனியோவின் பள்ளித் தோழர் ஹொரி பக்கத்து ஊரிலிருந்து புது பெல்ட்டோடு வந்தார். சேற்றில் படுத்து அதை மாட்டி முடிப்பதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. சாப்பிட்டுப் படுத்துவிட்டுக் காலையில் போகலாம் என்று குனியோ அவரைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

"ஹொரி, நீ முதல்ல குளி."

"ஐயோ, என் மேலெல்லாம் கிரீஸ்டா. நீ போ."

"பேசாம போடா."

ஹொரி சிவந்து பளபளவென்று வெளியே வந்தார். குனியோ உள்ளே போனார். டெக்லனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. சமையலறையில் மலைக்கீரையை மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்த சிஹோவிடம் போய் நின்றான்.

"காலையில நகோயாவுக்கு போன் பண்ணி, அங்கேயே இருந்துக்கறேன்னு சொல்லிடறேன்."

"எதுக்கு?"

"உங்கப்பா இன்னும் பதிலே சொல்லலையே. இனிமே சொல்லவும் மாட்டார். பெல்ட் மாட்ட வந்தவருக்கு முதல் தண்ணி. வாரம் பூரா முதுகு ஒடிய நட்டேன், எனக்கு மிச்சத் தண்ணி."

சிஹோ அடுப்பை அணைத்தாள். இவன் நிஜமாகத்தான் பேசுகிறானா என்று கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தாள்.

"முதல் தண்ணி விருந்தாளிக்கு டெக்லன். இன்னிக்கு ஹொரி மாமா விருந்தாளி. இத்தனை வருஷமா நீ விருந்தாளி."

குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "டெக்லன், தண்ணி ஆறுது. எங்க போயிட்ட?" என்று குனியோ குரல் கொடுத்தார்.

சிஹோ கொடியிலிருந்த துண்டை உருவி அவன் கையில் திணித்தாள்.

"போ. அப்பாவுக்கு அடுத்து இறங்குறது வீட்டுப் பையன். நான் பொறந்ததுலேருந்து இந்த வீட்டுல அந்த இடம் காலியாவே இருந்துச்சு. நான் கேட்ட அன்னிக்கே, துண்டை எடுக்கும்போதே, அப்பா உன்கிட்ட பதில் சொல்லிட்டார்."