வந்த வரன்

தொண்ணூற்றொரு வயதில் இறந்துபோன மங்கையர்க்கரசிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்தது. பந்தி முழுக்க அவள் பேச்சுதான். நடுச்சாமத்தில் பிரசவத்துக்குத் துணை வந்ததை ஒருத்தி சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். கல்யாணம் ஆகாமலே அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மகள் திலகவதி, பாயசம் ஊற்றியபடி பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

கணவரோடு வந்திருந்த, பழைய பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் அப்பா இல்லாத பொண்ணுன்னு, உங்களுக்கு வந்த வரனை அம்மா எனக்குப் பேசி முடிச்சாங்களே, அந்த மனசு யாருக்கு வரும்க்கா?"

"எனக்கு வந்த வரனா?"

"ஆமாக்கா. உங்களைப் பிடிச்சிருக்குன்னுதானே இவரு சொல்லி அனுப்பினாரு. நீங்கதான் வேண்டாம்னுட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க."

திலகவதியிடம் அம்மா சொன்னது வேறு. "பொண்ணு கறுப்புன்னுட்டாங்கடி." அதற்குப் பிறகு யார் பெண் பார்க்க வந்தாலும் அவள் அறையைவிட்டு வெளியே வந்ததில்லை.

நரைத்துப்போன அந்த மனிதர் இலையிலிருந்து நிமிர்ந்து, "அம்மா தெய்வம்ங்க" என்றார்.

திலகவதி வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய், மாலை போட்ட படத்தின் முன் நின்றாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுத்திருக்கலாமேம்மா."