சப்பைக் கன்னம்

மூன்றாவது முறையாகவும் கன்னத்தில் போட்ட மைக்குறியை அவள் துடைத்துவிட்டாள். ஈரப் பஞ்சு நீலமாகியிருந்தது.

"இது என் முகம். இந்தப் பக்கம் கத்தி படக் கூடாது."

இளம் டாக்டர் பேனாவை மூடினார். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "வாயாடி, நாளைக்குக் காலைல ஆபரேஷன். இப்பப் போய் ஆரம்பிக்கிறியே!"

வாயாடி என்பது வீட்டில் வைத்த பெயர். மூன்று வயதில் மாடிப்படியில் விழுந்ததில் தாடை மூட்டு ஒன்று பூட்டிக்கொண்டது. அதிலிருந்து அவள் வாய் ஒரு விரல் நுழையும் அளவுதான் திறக்கும். இருபத்துநான்கு வருடமாக எல்லாமே அரைத்துக் கரைத்த சாப்பாடு. பேச்சுக்கு மட்டும் அந்த இடைவெளி தாராளமாகப் போதும்.

வலக் கன்னம் உருண்டு லட்சணமாக இருக்கும். இடக் கன்னம் சப்பை, யாரோ பிடித்து இழுத்ததுபோல. டாக்டர் குறி போட்டது அங்கேதான்.

அவர் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். திரையில் அவளுடைய மண்டையோடு. இடது மூட்டில் கொஞ்சம் எலும்பை நீக்கியதும் தாடை அகலமாகத் திறந்து மூடியது.

"பாத்தியாம்மா? நாளைக்கு அப்புறம் இப்படித்தான் திறக்கும்."

"எந்த மூட்டு பூட்டியிருக்குன்னு கம்ப்யூட்டருக்கு யார் சார் சொன்னது?"

"நான்தான் போட்டேன். முகத்தைப் பாத்தாலே தெரியுதே."

"எங்கிட்ட யாரும் கேக்கல."

"அவளுக்குப் பயம், டாக்டர். நீங்க கண்டுக்காதீங்க" என்றான் அண்ணன்.

"பயமா? உன் சமையலையே இத்தனை வருஷமா முழுங்கியிருக்கேன்." அவள் பேசப் பேச, இடக் காதின் முன்னால் தோல் விடாமல் ஏறி இறங்கியது. "நான் சொன்னா நம்ப மாட்டீங்க. அளந்து பாருங்க. அதுக்கப்புறம் யார் எங்க வேணா கோடு போடுங்க."

மூலையில் நின்ற டெக்னீஷியன் அக்கா அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு நிமிஷ வேலைதான், டாக்டர்" என்றாள்.

இரண்டு காதுகளுக்கு முன்னாலும், தாடை மூட்டு அசையும் இடத்தில், சென்சார் ஒட்டினாள். "திறம்மா. மூடு. இன்னொரு தடவை."

திரையில் இரண்டு கோடுகள். இடது கோடு துள்ளி ஓடியது. வலது கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் படுத்துக் கிடந்தது.

"மாத்தி மாட்டிட்டீங்க" என்றார் டாக்டர்.

கழற்றி, அவரே தன் கையால் மாட்டினார். அதே கோடுகள்.

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "பூட்டின பக்கம் எலும்பு வளராது. தாடை அந்தப் பக்கமே ஒதுங்கி, கன்னம் உருண்டு தெரியும். நல்ல பக்கம்தான் இழுபட்டுச் சப்பையாகும்." யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். "பரீட்சைல எழுதியிருக்கேன்."

அண்ணனுக்குப் பாதிதான் புரிந்தது. அவசரமாகப் பையை எடுத்தான். "அப்ப அவ சொன்னதுதான் சரி. ஆபரேஷன் வேணாம், நாங்க கிளம்புறோம்."

அவள் அசையவில்லை. டாக்டரை நேராகப் பார்த்தாள்.

"அழகா இருக்கிற பக்கத்தை வெட்டுங்க."