எலுமிச்சம்பழ மிஷின்

வெடித்த தோட்டாக்கூட்டில் மறுபடி மருந்தடைக்கும் பழைய கைப்பிரஸ்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர் குஞ்சிதபாதம். அவருக்கு ஆயுசுக்கும் சிக்காத கழுகு முத்திரைப் பிரஸ், தங்கை கணவன் சிவநேசன் வீட்டு மேசையில் இருந்தது. பழைய இரும்புக்கடையில் எடைக்கு வாங்கினானாம்.

“இது என்ன மிஷின், மச்சான்?” என்று கேட்டான்.

குஞ்சிதபாதத்துக்கு வயிறு எரிந்தது. வார்ப்பிலிருந்த கழுகைத் தடவியபடியே, “எலுமிச்சம்பழம் பிழியிறது. குப்பை. எனக்குக் குடுத்துடேன்” என்றார்.

“அட, உங்க தங்கச்சிக்கு ஜூஸுன்னா உயிராச்சே! தர மாட்டேன்!”

சிவநேசன் அங்கேயே ஒரு பழத்தை வைத்துக் கைப்பிடியை அழுத்தினான். சாறு கழுகின் கண்ணில் வழிந்தது. குஞ்சிதபாதத்துக்கும் கண் எரிந்தது. டம்ளரை நீட்டினான். ஒரே மூச்சில் குடித்தார். துரு வாடை.

“எப்படியிருக்கு மச்சான்?”

“இன்னொரு டம்ளர் வேணும்” என்று எழுந்தார். “இந்தத் தடவை நான் பிழியறேன்.”