ஒரகடத்து மூக்கு

இஞ்சினுக்குள் தலையை விட்டு, கண்ணை மூடி, சாலமோன் மூச்சை உள்ளே இழுத்தார். சுற்றி நின்றவர்கள் தங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரகடம் கூட்ரோட்டில் அவருடைய லாரிப் பட்டறை. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே, மோந்து பார்த்து வண்டியின் வியாதியைச் சொல்லிவிடுவார் என்று வாலாஜாபாத் வரைக்கும் பேச்சு. கருகுவது கிளட்சா பிரேக்கா என்று வண்டி வந்து நிற்கும்போதே சொல்வாராம். கல்குவாரி லாரிக்காரர்களிடம் வெறும் சாலமோன் என்றால் தெரியாது. மூக்கு சாலமோன் என்று கேட்கவேண்டும்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. அன்று வந்திருந்தது தணிகாசலத்தின் ஜல்லி லாரி. முதலாளி தணிகாசலமே கூட வந்திருந்தார். டிரைவர் சுப்பராயன் தோள் துண்டை முறுக்கிக்கொண்டு பானெட் பக்கம் நின்றார்.

"இஞ்சின் ஆயில் ஊத்த ஊத்த கொறையுது மேஸ்திரி," என்றார் தணிகாசலம். "கீழ ஒரு சொட்டு சிந்தல. பின்னால நீலப் புகையும் வரல. அப்ப இன்னா அர்த்தம்? வண்டி குடிக்கல. எவனோ எடுத்து விக்கிறான்."

"எவனோன்னு ஏன் சுத்தி வளைக்கிறீங்க மொதலாளி, என்னத்தான் சொல்றீங்க," என்றார் சுப்பராயன். "கேபின்ல எண்ணெ கருகுற வாட வருது. நானும் சொல்லிகினுதான் இருக்கேன்."

"எனக்கு டீசல் வாடதான் வருது. மேஸ்திரி சொல்லட்டும். ஆயில் எரியுதுன்னா செலவு என்னுது. இல்லன்னா சாவிய குடுத்துட்டு இங்கியே பஸ் ஏறு."

சுப்பராயன் துண்டை இன்னும் இறுக்கி முறுக்கினார். லாரி ஓட்டத் தெரிந்தவனுக்கு இந்தப் பக்கத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆயில் திருடன் என்ற பேரோடு எந்த ஷெட்டின் வாசலில் போய் நிற்பது?

சாலமோன் தலையை வெளியே எடுத்தார். வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். முன்னால் மோந்தார். பின்னால் போய், சைலன்சர் முனையில் குனிந்து மோந்தார்.

"சொல்லுங்க மேஸ்திரி," என்றார் தணிகாசலம்.

"ஓடட்டும். சூடேறினாத்தான் வாட பேசும். அதுக்குள்ள ஒரு டீ சாப்புடலாம்."

பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. அவர் குரல் கொடுக்க, கொஞ்ச நேரத்தில் மனைவி அன்னபுஷ்பம் தட்டில் கிளாஸ்களோடு வந்தாள். லாரிக்குப் பின்னால் நின்ற முதலாளிக்கு ஒன்று கொடுத்தாள். சுற்றிக்கொண்டு போய், பானெட் ஓரமாக நின்ற டிரைவருக்கு ஒன்று கொடுத்தாள். கடைசியில் புருஷனிடம் வந்தாள்.

"சும்மா பேசிகினே நிக்காதீங்க. உள்ள வந்து ஒரு கை குடுங்க," என்றாள். "வட சுட சட்டி நெறைய எண்ணெய ஊத்திட்டேன். மேல வழிஞ்சி, அடுப்பு மேல சொட்டுது."

"இப்ப வடை ஒண்ணுதான் கொறச்சல். போய் ஒன் வேலையப் பாரு," என்று எரிந்து விழுந்தார் சாலமோன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனாள். சுப்பராயனுக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

டீயைக் குடித்து முடித்து, சாலமோன் மறுபடி இஞ்சின் மேல் குனிந்தார். இந்தத் தடவை நீளமாக இழுத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஆயில யாரும் திருடல மொதலாளி. எரியுது."

"எரிஞ்சா புகை வரணுமே?"

"உள்ள எரிஞ்சாதான நீலப் புகை? இது வெளிய எரியுது. இஞ்சின் தலைமேல ஒரு மூடி கீது பாருங்க, அதுக்கடியில வெக்கிற பேக்கிங் போயிருக்கு. ஆயில் கசிஞ்சி, பக்கத்துல கொதிக்கிற சைலன்சர் குழாய் மேல வுழுது. வுழுந்ததும் கருகிப் பூடுது. அப்புறம் தரைக்கு எங்க வரும்?"

தணிகாசலம் நம்பவில்லை. இஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, மூடியின் மறுபக்கத்தில் தானே கையை விட்டுத் தடவினார். கண்ணுக்குத் தெரியாத அந்த மூலையிலிருந்து விரல்கள் நனைந்து வந்தன. டார்ச் அடித்துப் பார்த்தபோது, குழாய் முழுக்கத் தோசைக்கல்லில் பிடித்த கரியைப்போல ஆயில் காய்ந்து கிடந்தது. மூடியைக் கழற்றியதும் பேக்கிங் பிஸ்கட்டாக உதிர்ந்தது.

தணிகாசலம் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரைவரிடம் போனார்.

"சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும் சுப்பராயா. நான் பேசினத மனசுல வெச்சிக்காத."

சுப்பராயன் துண்டைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

புதுப் பேக்கிங் போட்டு முடிந்ததும் தணிகாசலம் கையெடுத்துக் கும்பிட்டார். "ஷெட்ல இருக்கிற மிச்ச வண்டிங்களையும் நாளைக்கே அனுப்பறேன். எல்லாத்தையும் ஒரு தபா மோந்து பாத்துடுங்க மேஸ்திரி."

"தாராளமா அனுப்புங்க," என்று சாலமோன் மீசையைத் தடவிக்கொண்டார்.

லாரி வளைவில் திரும்பி மறைந்தது. கிளாஸ்களைப் பொறுக்க வந்த அன்னபுஷ்பம், தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுக்கடுக்காகத் தும்மினாள்.

சாலமோனின் முகம் வெளுத்தது. "இன்னா புஷ்பம், சளியா?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா. நாளைக்கு யாரு மூக்க வெச்சி பாப்பீங்க?"