சிவப்பு ஸ்பிரிங் மேல் ஒரு கண்

மலை வளைவுகளில் வேகமாகப் போக ஆசைப்பட்ட எழினி, தன் காரின் முன்சக்கரங்களுக்கு வெளிக்கடையில் சிவப்பு ஸ்பிரிங்குகள் வாங்கிப் போட்டாள். காரோடு பிறந்து, உள்ளே நிரம்பிய எண்ணெயின் பலத்தில் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கிவந்த இடப்பக்க ஷாக் அப்சார்பருக்கு அது பிடிக்கவேயில்லை. நேற்று வந்தவன் தன் இடுப்பையே சுற்றிக்கொண்டு நின்றால் எப்படி நம்புவது?

"எந்த ஊர்க்காரன்டா நீ? கம்பெனி முத்திரையைக் காணோமே?"

"கடையிலேருந்து வர்றேண்ணே. நான் கொஞ்சம் விறைப்பு. துள்ளினா நீங்கதான் அடக்கணும்."

'துள்ளுவேன்னு இப்பவே சொல்றான் பார்' என்று ஷாக் மனதில் குறித்துக்கொண்டது.

முதல் வளைவிலேயே கார் மூன்று முறை குதித்து, பள்ளத்தின் பக்கம் ஒதுங்கியது. எழினி சட்டென்று பிரேக் போட்டு நிறுத்தினாள்.

"எல்லாரையும் கொல்லத்தான் வந்தியா?" என்று ஷாக் சீறியது.

"அண்ணே, உங்க உடம்பெல்லாம் எண்ணெயா வழியுதே?"

"வேர்வைடா. ஆறு வருஷ உழைப்பு. பேச்சை மாத்தாதே."

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் செபாஸ்டின் காரின் மூக்கை அழுத்தி விட்டார். அது அடங்காமல் ஆடியது. குனிந்து பார்த்தவர், "சேராததைக் கழட்டிடணும்மா, ரெண்டு பக்கமும்" என்றார்.

ஷாக்குக்கு உள்ளம் குளிர்ந்தது. "போயிட்டு வாடா தம்பி!"

செபாஸ்டின் ஸ்பிரிங்கைக் கழற்றி மேசைமேல் பத்திரமாக வைத்தார். ஷாக்கைப் பழைய இரும்புக் குவியலில் போட்டுவிட்டு, கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். ஸ்பிரிங்குக்குள் ஒரு புது ஷாக் இறங்கியது.

குவியலிலிருந்து குரல் வந்தது: "தம்பி, அந்தச் சிவப்புக்காரனை மட்டும் நம்பிடாதே!"