அடியில் இருக்கும் கை

கூடைப்பந்து ஆட்டத்துக்கு முன்னால் வட்டமாக நிற்கும்போது கேப்டனின் கைதான் முதலில் நீளும். மற்ற நான்கு கைகளும் அதன்மேல் வந்து விழும். கேப்டன் எஸ்தர் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்ததால், இன்று பொற்கொடி கையை நீட்டினாள். ஒரு கையும் வரவில்லை.

“நேத்து ஒரு தடவையாவது எனக்குப் பந்து குடுத்தியா?” என்றாள் நஸ்ரின்.

“குடுக்கல. அதனாலதான் தோத்தோம். இன்னிக்குக் குடுப்பேன்.”

விசில் ஊதிவிட்டார்கள். பொற்கொடி கையை எடுக்கவில்லை. பின்னால் ஊன்றுகோல் சத்தம் நெருங்கி வந்தது.

“வராதீங்க எஸ்தர் அக்கா. உக்காருங்க,” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

ஊன்றுகோல் நின்றது. நஸ்ரின் தன் உள்ளங்கை வியர்வையைப் பனியனில் துடைத்துக்கொண்டாள்.